மனைப்படமும் மனச்சான்றும்

புதுவீடு கட்டுவதைப் பொருளாதாரச் செயலாகவே பலரும் கருதுவர். கையிருப்பு எவ்வளவு, வங்கி தரும் கடன் எவ்வளவு, மனையின் நீள அகலம் எவ்வளவு என்னும் கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆயினும், மனைப்படம் வரையப்படும் மேசையின் மீது அறம்பற்றிய முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. சுவர் எழுவதற்கு முன்னர்த் தாளில் விழும் ஒவ்வொரு கோடும் ஒருவர்க்கு இடம் தருகிறது. அதே கோடு மற்றொருவரின் இடத்தைக் குறைக்கிறது. நிலம் வரம்புடையது. கூடத்திற்கு இரண்டடி கூட்டினால், அவ்விரண்டடி வேறெங்கோ குறைந்தே தீரும். அது யாருடைய பங்கிலிருந்து குறைகிறது? இவ்வொரு வினாவே இக்கட்டுரையின் பொருள்.

மலேசியத் தமிழர் பலர்க்கு இவ்வினா ஒருவகையில் புதியது. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த முன்னோர் தம் வீட்டின் படத்தைத் தாம் வரைந்தவரல்லர். நீண்டதொரு கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். ஒரு குடும்பத்தின் சுவரே அடுத்த குடும்பத்தின் சுவர். அறை எத்தனை, அடுப்படி எங்கே என்பதை முடிவு செய்தது தோட்ட நிருவாகம். குடியிருப்போரைக் கேட்டுக் கட்டும் வழக்கம் அன்று இல்லை. இன்று அவ்வழியில் வந்த ஆசிரியரோ எழுத்தரோ வணிகரோ தமக்கென ஒரு மனை வாங்கி, வரைஞரை அழைத்துப் படம் போடச் சொல்கிறார். அன்று நிருவாகத்தின் கையிலிருந்த எழுதுகோல் இன்று குடும்பத் தலைவரின் கைக்கு வந்திருக்கிறது. எழுதுகோலோடு அதற்குரிய அதிகாரமும் வந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு சமுதாயம் எதை மதித்தது, எதை மறந்தது என்பதை அதன் வீடுகளே சொல்லிவிடும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் எழுப்பிய பெருவீடுகளை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்த வளவு. வளவை ஒட்டி மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. உடன்பிறந்தார்க்குள் ஏற்றத்தாழ்வு வேண்டா என்னும் எண்ணம் அங்கே சுவராக எழுந்து நிற்கிறது. ஆனால், அதே வீட்டில் ஆடவர் அமர்ந்து கணக்குப் பேசும் முகப்பு முன்னே இருக்கிறது. பெண்டிர் புழங்கும் கட்டுகள் பின்னே இருக்கின்றன. சகோதரர்க்குச் சமநிலை வழங்கிய அந்தப் படம் பெண்ணுக்கு அதனை வழங்கவில்லை. ஒரே படத்தில் நீதியும் நீதிக்குறைவும் அருகருகே அமையக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வழிப்போக்கரையும் பழைய படங்கள் நினைவில் வைத்திருந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் திண்ணை அத்தகையது. அதில் எவர் அமரலாம், எவர் அமரலாகாது என்பதைச் சாதி வரையறுத்த கொடுமையையும் உடன் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் நகரங்களின் கடைவீடுகளில் நாம் 'அஞ்சடி' என வழங்கும் நடைவழி இன்னொன்று. சிங்கப்பூர் நகரமைப்பிற்கென 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நெறிகளில், வீடுதோறும் முன்புறத்தில் கூரையிட்ட, தொடர்ச்சியான பொதுவழி விடப்பட வேண்டும் என்பதும் ஒன்று. வெயிலிலும் மழையிலும் முன்பின் அறியாதவன் நடந்து செல்லத் தன் நிலத்தில் ஐந்தடியை விட்டுக்கொடு என்று வீட்டுக்காரனிடம் விதி கேட்டது. வெளியாளுக்கு இடம் ஒதுக்க ஒரு விதி வந்து கேட்க வேண்டியிருந்தது. வீட்டிற்குள் இருப்பவர்க்கு இடம் ஒதுக்க எந்த விதி வந்து கேட்கும்?

சட்டம் கேட்கிறது என்று சிலர் கூறலாம். உண்மைதான், ஆனால் ஓரளவிற்கே கேட்கிறது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளின்படி, குடியிருப்பில் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையலாகாது, இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், ஏனைய அறைகள் 6.5 சதுர மீட்டருக்கும் குறையலாகா. அடுக்களைக்கு 4.5 சதுர மீட்டர் போதும். அறையின் உயரம் 2.5 மீட்டர் இருத்தல் வேண்டும், அடுக்களைக்கோ 2.25 மீட்டர் போதும். நெருப்பின் அருகில் நிற்பவர்க்குக் கூரை சற்றுத் தாழ்வாகவே இருக்கலாம் போலும்! இவை நலங்கருதி விதிக்கப்பட்ட கீழெல்லைகள். இவையும் இல்லையேல் நிலைமை இன்னும் மோசமாகும். ஆயினும் சட்டம் அறைகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை. 6.5 சதுர மீட்டர் அறைக்குள் யார் போய்ச் சேர்வார் என்பதைச் சட்டம் கேளாது. அவ்விடத்தில்தான் அறத்தின் பணி தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீடு. கணவன், மனைவி, கணவனின் தாய், ஒரு மகன், இரு மகள்கள் என அறுவர். முன்கூடம் 18க்கு 16 அடி. அதாவது 288 சதுர அடி. தலைவரின் படுக்கையறை 14க்கு 13 அடி; அதனுள்ளேயே தனிக் குளியலறை. இரண்டாம் அறை 11க்கு 10 அடி; படிக்கும் பிள்ளை என்பதால் மகனுக்கு. மூன்றாம் அறை 10க்கு 7 அடி. பாட்டிக்கும் இரு பேத்தியர்க்கும். அடுக்களை எட்டுக்கு எட்டு. எஞ்சியது உணவறைக்கும் பொதுக் குளியலறைக்கும் சுவருக்கும் நடைக்கும். சட்டம் சொன்ன அளவுகளில் ஒன்றையும் இந்தப் படம் மீறவில்லை. ஆனால், மூன்றாம் அறையில் ஒருவர்க்குக் கிடைப்பது ஏறத்தாழ 23 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடியாக மூன்று கட்டில்களை இட்டால் 54 சதுர அடி போய்விடும். மிஞ்சும் 16 சதுர அடியில் மூவரின் துணிப்பேழையும் இருவரின் பாடநூல்களும் ஒரு மூதாட்டியின் ஊன்றுகோலும் இடம் பெற வேண்டும்.

இப்படத்தை வரைந்தவர் கொடியவரல்லர். தாயிடம் அன்புடையவர், மகளிர் கல்வியில் அக்கறையுடையவர். தீய எண்ணமின்றியே தீங்கு நிகழ்கிறது என்பதால்தான் இது சிந்தனைக்குரியதாகிறது. இடத்தின் பரப்போடு அவ்விடத்தில் மனிதர் கழிக்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 288 சதுர அடிக் கூடம் தீபாவளியன்றும் நண்பர் வரும் மாலைகளிலும் நிறையும். ஏனைய நாள்களில் நாற்காலிகளுக்கே உரியதாக இருக்கும். தலைவரின் அறை பகற்பொழுது முழுதும் பூட்டிக் கிடக்கும். ஆனால், காலையில் அனைவரும் வெளியேறிய பின்னும் வீட்டிலேயே இருப்பவர் பாட்டி ஒருவரே. வீட்டில் மிகுந்த நேரம் வாழ்பவர்க்கு மிகக் குறைந்த இடம். மிகக் குறைந்த நேரம் வாழ்பவர்க்கு மிகுந்த இடம். இடப்பங்கீடு தேவையைப் பின்பற்றவில்லை, மதிப்பைப் பின்பற்றியது.

'உழைத்துப் பொருளீட்டியவர் அவர். அவருக்குப் பெரிய அறை வேண்டாவா?' என்று கேட்பார் உண்டு. இக்கேள்வியைப் புறந்தள்ளிவிட இயலாது. உழைப்பவர்க்கு ஓய்வு வேண்டும். கடனைத் திருப்பிச் செலுத்தும் சுமையும் அவருடையது. ஆனால், வீட்டை ஒரு பங்கு நிறுவனம் போலக் கருதி, முதலீட்டிற்கு ஏற்ப இடம் பிரிப்போமாயின், பிறந்த குழந்தைக்கு என்ன பங்கு? நோயுற்றுப் படுத்தவர்க்கு என்ன பங்கு? முன்னொரு காலத்தில் பால்மரம் வெட்டி அந்த மகனைப் படிக்கவைத்த தாயின் முதலீட்டை எந்தக் கணக்கேட்டில் பதிவது? ஈட்டும் ஆற்றல் இல்லாதவரையும் தன்னுள் வைத்துக் காப்பதனால்தான் அதனைக் குடும்பம் என்கிறோம்.

'விருந்தோம்பல் தமிழர் பண்பு. அதற்குப் பெரிய கூடம் வேண்டும்' என்பது மற்றொரு வாதம். திருக்குறளில் அதிகாரங்கள் அமைந்த முறையை மாணவர் அறிவர். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகிய நான்கும் வந்த பின்னரே விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக வருகிறது. நம் மனைப்படங்களோ கூடத்திலிருந்து தொடங்கி, எஞ்சிய இடத்தில் துணைக்கும் மக்களுக்கும் வழி தேடுகின்றன. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்திடங்களைச் சொல்லுமிடத்தில் வள்ளுவர் விருந்தைச் சுற்றத்திற்கு முன்னே வைக்கவில்லையா என்று கேட்கலாம். வைக்கிறார், ஆனால், அங்கேயே தலைவனைக் கடைசியில், ஐந்தாவதாக வைக்கிறார் என்பதையும் மறத்தலாகாது. விருந்தினரை முதலில் வைத்துக் கூடத்தை விரிப்பவர், தம்மைக் கடைசியில் வைத்துத் தம் அறையைச் சுருக்குவதை நாம் காண்பதரிது. மேலும், வள்ளுவர் போற்றும் விருந்து முகமலர்ச்சியினாலும் பகிர்ந்துண்ணும் உணவினாலும் அமைவது. தரையின் பரப்பு அங்கே பேசப்படவில்லை.

இவ்விரு வாதங்களைவிட வலியது மூன்றாவது வாதம். 'அம்மாவையே கேட்டோம், எனக்கு எதற்கப்பா பெரிய அறை, ஒரு மூலை போதும் என்றார்' என்பதே அது. கேட்டதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. ஆயினும், லயத்து வீட்டில் பிறந்து, பிறர் உண்ட பின் உண்டு, பிறர் படுத்த பின் படுத்த ஒருவர் தம் தேவையைச் சொல்லப் பழகாதவர். குறைவாகக் கேட்கப் பழகியவரிடம் குறைவாகக் கொடுத்துவிட்டு, அவர் இசைவோடுதான் கொடுத்தோம் என்பது நேர்மையாகுமா? அதற்காக, அவர் சொல்லைத் தள்ளிவிட்டு நாமே முடிவு செய்வதும் முறையன்று; அதுவும் அவரை மதியாமையே. கேட்கும் முறையை மாற்றுவதே வழி. 'என்ன வேண்டும்?' என்று கேளாமல், 'காலையில் எங்கே அமர விரும்புவீர்கள்? இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? குளியலறைக்குச் செல்லும்போது எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். ஆசையைச் சொல்லக் கூசுபவரும் அன்றாட வாழ்வைச் சொல்வர். அவ்விடைகளைக் கேட்டால், தனிக் குளியலறை எந்த அறையோடு சேர வேண்டும் என்பது தானே விளங்கும். சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலம் வேண்டும் என்பதைப் படம் வரையும் நாளிலேயே நினைத்தால் செலவு சிறிது. சுவர் எழுந்த பின் நினைத்தால் இடிக்க வேண்டி வரும். அந்த நாற்காலி ஒருநாள் படம் வரைபவர்க்கே தேவைப்படலாம்.

மகளிர் அறையைப் பற்றியும் ஒரு சொல். 'அவர்கள் வேறு வீட்டிற்குப் போகிறவர்கள்' என்னும் பழமொழி போன்ற எண்ணமே பல படங்களில் ஓர் அறையைக் குறைத்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வீட்டில் படித்து வளரப்போகும் பெண், என்றோ போகப்போகும் ஒரு நாளுக்காக இன்றே விருந்தாளியாக்கப்படுகிறாள். மகனும் வேலை தேடி வேற்றூர் போகக்கூடும். அவன் அறையை அதற்காக எவரும் குறைப்பதில்லை. தமிழில் 'இல்லாள்' என்றால் வீட்டிற்குரியவள். 'இல்லான்' என்றாலோ வறியவன். பெண்ணுக்கே இல்லத்தை உரிமையாக்கிச் சொற்படைத்த இனம், எட்டுக்கு எட்டு அடுக்களையை மட்டும் அவளுக்கு விட்டுவைப்பது மொழிக்கும் வாழ்வுக்குமுள்ள இடைவெளியைக் காட்டுகிறது.

சிங்கப்பூரின் அடுக்ககங்களில் வாழ்பவர்க்கு இவ்வினா பொருந்தாது என்று கருதிவிட வேண்டா. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் படம் வரைந்து தருகிறது. மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வதற்கென, குளியலறையோடு கூடிய இரு படுக்கையறைகளை உடைய வீடுகளை 2013இல் அறிமுகமும் செய்தது. அவ்வீட்டில் மூத்தோர்க்கும் தனிக் குளியலறை உண்டு என்பதைப் படமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனினும், எந்த அறையில் எவர் என்பதைக் கழகம் முடிவு செய்வதில்லை. கோடு பிறர் வரைந்ததாயினும், பங்கீடு நம்முடையதே.

மனையடி சாத்திரம் பார்த்து வாசலின் திசையையும் அடுப்பின் மூலையையும் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம்புவோர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், அடுப்பின் திசையைக் கேட்டவர், அதன் முன் நாள்தோறும் நிற்பவர்க்குக் காற்று வருமா என்றும் கேட்க வேண்டும். திசையைக் காட்டிலும் ஆளே முதன்மையானவர்.

ஆகவே, படம் வரையும் முறைக்கு ஒரு வரிசையை முன்மொழியலாம். பேச்சில் குரல் எழுப்ப இயலாதவர் யார் எனப் பார்த்து, அவர் இடத்தை முதலில் வரைக. அடுத்து, வீட்டில் மிகுந்த நேரம் இருப்பவர்க்கும், நின்று வேலை செய்பவர்க்கும் உரிய இடத்தை வரைக. பின்னர் வளரும் பிள்ளைகட்கு, ஆண் பெண் வேறுபாடின்றி வரைக. அதன்பின் விருந்தினர்க்கு. எழுதுகோலைப் பிடித்திருப்பவர் தம் அறையை இறுதியில் வரையட்டும். அப்போது எஞ்சியிருக்கும் இடம் தமக்குப் போதுமா என்று பார்க்கட்டும். போதாது என்று தோன்றுமாயின், அந்தப் போதாமையை வேறு யாருக்குத் தர எண்ணினோம் என்பதும் அவருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும்.