வாக்கும் வித்தையும்

வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரி, சொல்லின் துணையின்றி இவ்வுலகில் எந்த ஞானமும் தோன்றுவதில்லை என்று கொண்டார். நியாய தரிசனத்தைச் சார்ந்த நையாயிகர்களோ, இந்திரியம் பொருளோடு கூடும் முதற் கணத்தில் பெயரும் ஜாதியும் தீண்டாத நிர்விகல்பக ஞானம் ஒன்று உண்டென்றும், சொல் அதற்குப் பின்னரே வந்து சேர்கிறதென்றும் வாதித்தனர். இவ்விவாதம் பண்டித சபைகளோடு முடிந்து போயிற்றென்று எண்ணுதல் தகாது. டேனிஷ், டச்சு, இத்தாலியன் முதலிய மொழிகளில் பிறந்து வளர்ந்து, அவற்றிலேயே சிந்தித்துப் பழகிய ஐரோப்பியப் பேராசிரியர்கள், பிற தேசத்து மாணவர்களின் வருகையை உத்தேசித்து ஆங்கிலத்தில் போதிக்குமாறு பணிக்கப்படும்போது, அவர்களுடைய வித்தை குறையாதிருக்க வாக்கு மட்டும் மாறுகிறதா, அன்றி வாக்கோடு வித்தையும் சிறிது தேய்கிறதா என்னும் கேள்வி, தர்க்கத்தின் எல்லையைக் கடந்து தர்மத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது.

பல்கலைக்கழக நிர்வாகங்கள், தாம் அறியாமலே, நையாயிகரின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டன. ஆசிரியர் கற்றது அவருக்குள் நிலைபெற்றிருக்கிறது, அதை எம்மொழியில் வழங்கினால் என்ன என்பதே அவற்றின் எண்ணம். ஞானம் சொல்லுக்கு முந்தியது என்பதை நான் மறுக்கத் துணியேன். ஆயினும் போதனை சொல்லுக்கு முந்தியதன்று. மாணவன் ஒருவனின் புருவம் சுருங்குவதைக் கண்ட கணத்தில், குறிப்பேட்டில் இல்லாத புதியதோர் உதாரணத்தைப் படைத்து, எதிர்பாராத வினாவுக்கு வந்த வழியை விட்டு விலகிச் சென்று விடை கண்டு, மீண்டும் பாடத்துக்குத் திரும்பும் அந்தச் சிருஷ்டி, சொல்லிலேதான் பிறக்கிறது. இரண்டாம் மொழியில் போதிக்கையில் முதலில் வாடுவதும் அதுவே. டென்மார்க்கில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஒரே பொருளைப்பற்றி டேனிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஆற்றிய விரிவுரைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டவர்கள், ஆங்கில விரிவுரைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிக நேரம் பிடித்ததையும், அவருடைய பேச்சு பாடநூலின் நடையை ஒட்டி விறைத்ததையும் கண்டார்கள். அவருடைய அறிவு குறையவில்லை. அறிவு நடமாடும் இடம் குறுகியது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்திலே போதித்துப் புகழ்பெற்ற விட்கென்ஸ்டைனும், தம் தத்துவக் குறிப்புகளைப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே எழுதிவந்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

மிலான் நகரத்துப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம், 2014 முதல் முதுநிலை, முனைவர் படிப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்திலேயே நடத்துவதென்று 2012-இல் தீர்மானித்தபோது, அதன் ஆசிரியர்கள் பலர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை சென்றது. ஆங்கிலத்தில் பாடங்கள் நடத்துவதைத் தடை செய்யாத அந்நீதிமன்றம், படிப்புகளை முழுவதும் ஆங்கிலத்துக்கே ஒப்படைப்பது இத்தாலிய மொழியின் முதன்மைக்கும், மாணவர் சமத்துவத்துக்கும், போதனைச் சுதந்திரத்துக்கும் ஊறு செய்வதாகும் என்று 2017-இல் கூறிற்று. இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். போதிக்கும் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் ஆசிரியனின் சுதந்திரம் ஆகாது. எதிரே அமர்ந்திருக்கும் உள்ளத்தோடு தன் உள்ளம் கலக்கும் வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதில் அடங்கும்.

எனினும், ஆங்கில வகுப்புகளை அடியோடு ஒழிப்பது, தூர தேசங்களிலிருந்து கல்வி தேடி வந்த மாணவருக்குக் கதவை அடைப்பதாகும். அதை நான் விரும்பேன். வேண்டுவது ஆசிரியருக்கு உற்ற துணை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் இதற்கென 2008-இல் ஒரு மையத்தை நிறுவி, ஆசிரியர் தம் துறைப்பொருளைப்பற்றியே சக ஆசிரியர் சிலர் முன்னிலையில் சுமார் இருபது நிமிஷம் விரிவுரையாற்றச் செய்து, மாணவரின் வினாக்களைப் போன்ற வினாக்களுக்கு விடை சொல்ல வைத்து, பின்னர் எழுத்திலும் நேர்ப்பேச்சிலும் அவருடைய நிறைகுறைகளை எடுத்துரைக்கும் முறையொன்றை வகுத்தது. வெறும் இலக்கணத் தேர்வாக அமையாமல், ஆசிரியரை ஆசிரியராகவே வைத்துக் கேட்பதுதான் இம்முறையின் மேன்மை. உச்சரிப்பின் தயக்கத்தை அறிவின் தயக்கமாக எடுத்துக்கொள்ளும் அநீதியை, மாணவரும் மேலதிகாரிகளும் மிக எளிதில் இழைத்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பாடத்தைத் தயாரித்து வந்த ஒருவர், வகுப்பு முடிகையில் தம்மையே சந்தேகிக்கும்படி நேர்வதைக் காட்டிலும் கொடியது கல்விக்கூடத்தில் வேறில்லை.

ஆகவே, பயிற்சி வகுப்பொன்றை நடத்திவிட்டு நிர்வாகம் கைகழுவிக்கொள்வது போதாது. அதே பாடம் அதிக நேரம் கொள்ளுமென்றால், பாடத்திட்டத்தைச் சுருக்கவோ மணிகளைக் கூட்டவோ வேண்டும். ஆங்கில வகுப்பு எடுக்கும் முதலாண்டில் மற்ற வேலைச் சுமையைக் குறைக்க வேண்டும். அத்துடன், அவ்வாசிரியர் ஆண்டுதோறும் ஒரு பாடத்தையேனும் தம் தாய்மொழியில் நடத்த இடமளித்து, அம்மொழியில் அவர் எழுதும் நூல்களையும் பதவி உயர்வுக்கு உரிய பணியாகவே மதிக்க வேண்டும்.