எண்ணாத முட்டைகள்

‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் ஒன்றல்ல. இது குழந்தைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் வாழ்க்கையில் எத்தனை முறை நாம் இரண்டையும் ஒன்றாகவே நடத்தி விடுகிறோம்! எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால், நண்பருக்கு நம்மிடம் அன்பு இல்லை என்று முடிவு கட்டி விடுகிறோம். நான் அப்படி முடிவு கட்டி இழந்த நட்புகள் இரண்டு உண்டு. அவற்றை எழுத இன்னும் துணிவு வரவில்லை. நாமக்கல்லில் நடந்த வேறொன்றைச் சொல்கிறேன்.

என் தமக்கை மகன் அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். பொறியியல் படித்தவன். அதனால் மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளும் கணக்கைக் கணிப்பொறியிலும் ஏற்றி வைத்திருந்தான். ஒவ்வொரு கொட்டகையிலும் தினம் எழுதும் முட்டை எண்ணிக்கை தரவுத்தளத்தில் ஏறும். அங்கிருந்து ஒரு கணித மென்பொருள் அதைக் கேட்டு வாங்கி, மாதச் சராசரி போட்டுக் கொடுக்கும்.

நான் சேலத்திலிருந்து போய் இறங்கிய அன்று அவன் முகம் சரியாக இல்லை.

“மூணாம் கொட்டகையில நாளைக்கு அறுநூறு முட்டை குறையுதுங்க மாமா. அந்தம்மாவை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அந்தக் கொட்டகையில் 5,000 கோழிகள். நாளைக்கு 4,500 முட்டை வர வேண்டும். கணிப்பொறி 3,900 என்றது. எல்லாக் கொட்டகை முட்டையும் கிடங்கில் ஒன்றாகக் கலந்து விடுவதால் வேறு சாட்சி இல்லை. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த அம்மாள் ஒரே நாளில் திருடியாகி விட்டார்.

“அவரைக் கேட்டாயா?” என்றேன்.

“கேட்டேனுங்க. பேரனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போன நாலு நாளும் வேற ஆள்தான் முட்டை பொறுக்குச்சாம், நோட்டுல எழுதலையாம். ‘எண்ணாத முட்டை இல்லாத முட்டையாயிடுங்களா தம்பி’ன்னு என்னையே கேக்குதுங்க. மெஷின் பொய் சொல்லுமா மாமா?”

இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் தூதுவன் சொல்லில் ஐயம் வந்தால் அனுப்பியவரையே நேரில் போய்க் கேட்பது நம் ஊர் வழக்கம். “உன் கணித மென்பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே கேள்வியைத் தரவுத்தளத்தையே கேள்” என்றேன். இந்தத் துறையில் பழகியவர்களும் முதலில் செய்வது இதுவே என்று பிறகு அறிந்தேன். நேரில் கேட்டாலும் அதே பதில் வந்தால் பிழை கேள்வியிலோ ஏட்டிலோ இருக்கிறது. பதில் மாறினால் பிழை நடு வழியில் இருக்கிறது.

நேரில் கேட்டான். 4,500 என்று வந்தது.

தரவுத்தளங்களுக்கு அடிப்படையான கட்டுரையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் எழுதினார். அந்த மரபில் வந்த எஸ்.க்யூ.எல். மொழியில், எழுதப்படாத இடத்துக்கென்று தனிக் குறி ஒன்று உண்டு. அதற்கு ‘நல்’ என்று பெயர். (நம் ‘நல்’லுக்கும் அதற்கும் உறவில்லை.) அது சைபர் அன்று. இரண்டு ‘நல்’கள் சமமா என்று கேட்டால் அந்த மொழி ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. சராசரி கேட்டால் அந்த நாட்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் வகுக்கும். மேட்லேப் போன்ற கணித மென்பொருளோ அதே வெற்றிடத்தை ‘இது எண் அல்ல’ என்று பொருள்படும் குறியாக வாங்கிக்கொள்ளும். அந்தக் குறி ஒன்று உள்ளே வந்தால் போதும், மொத்தச் சராசரியும் ‘எண் அல்ல’ ஆகிவிடும். அதை மறைக்க வழியும் உண்டு. மேட்லேப்பின் பழைய பதிப்புகளில், வெற்றிடத்தைச் சைபராகவே வாங்கிக்கொள் என்று ஒரே வரியில் கட்டளையிட்டு விடலாம்.

மருமகன் அப்படி ஒரு வரியை எழுதியிருந்தான். 30 நாளில் 26 நாள் கணக்கு. 4 நாள் சைபர். கூட்டி 30ஆல் வகுத்தால் 3,900.

“ஏன் அப்படி எழுதினாய்?”

“காலேஜ்ல படிக்கிறப்ப எழுதுனதுங்க. எப்பப் பார்த்தாலும் விடை வராம நின்னுச்சு. எரிச்சலா இருந்துச்சு மாமா.”

இந்த எரிச்சலைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் கொடியவன் அல்லன். பேராசைக்காரனும் அல்லன். ‘தெரியாது’ என்ற சொல்லைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஏதாவது ஒரு எண் இருந்தால் அவன் மனத்துக்கு அமைதி. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

நியாயமாகச் சொன்னால், 4,500 என்பதும் முழு உண்மை அன்று. எழுதாத நான்கு நாளும் மற்ற நாட்களைப் போலவே இருந்தன என்பது ஓர் ஊகந்தான். திருடுகிறவன் எழுதாத நாளாகப் பார்த்தே திருடலாம். ஆனாலும் ஊகங்களுக்குள் வேற்றுமை இல்லையா? ஓர் ஊகம் நம் அறியாமையை அறியாமையாகவே விட்டுவைக்கிறது. மற்றது அதை எடுத்து ஒரு மனுஷியின் தலையில் குற்றமாக வைக்கிறது.

தூதுவனும் ஏடும் ஒழுங்காக இருந்தே ஏமாறுவதும் உண்டு. 1991 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 39 லட்சம் பேர். 2001இல் 30 லட்சம். 9 லட்சம் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. ‘சேலம்’ என்ற பெயரை வைத்துக் கேட்டவனுக்கு, அந்தப் பெயரின் கீழிருந்த மண் மாறியது தெரியவில்லை.

மறுநாள் காலையில் மருமகன் நின்றுபோன நாட்களின் கூலியை எடுத்துக்கொண்டு மோகனூர்ச் சாலையில் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனான். நானும் உடன் போனேன். “உங்களைத் தப்பா நினைச்சுட்டேனுங்க” என்று அவன் வாய்விட்டே சொன்னான். அவர் பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள் கூலி அதிகம் என்று திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு மோர் கொடுத்தார். வேலைக்கு மட்டும் வரவில்லை.