சிவப்பு விளக்கும் இன்மை அறிவும்

‘நெட் இல்லை’ என்னும் இரு சொற்கள் தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகரத் தெருக்களிலும் கேபிள்காரரின் கைப்பேசிக்கு நாள்தோறும் போய்ச்சேரும் முறையீடு. அளவையியல், அதாவது அறிவு எவ்வழியில் பிறக்கிறது என்றும் எவ்வறிவு நம்பத்தக்கது என்றும் ஆராயும் துறை, பல நூற்றாண்டுகளாக வாதிட்டு முடிக்காத வழக்கொன்று அம்முறையீட்டுக்குள் அடங்கியிருக்கிறது. உள்ள பொருளைக் கண் காண்கிறது. இல்லாத பொருளின் இன்மையைக் காண்பது எது?

தரையில் குடம் இல்லை என்பதை வைத்தே பழைய நூல்கள் இதைப் பேசின. 7-ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் மீமாம்சகர் குமாரிலபட்டர், புலன் உள்ளதை மட்டுமே தொட முடியும் என்பதால், இன்மையை அறிவதற்கு அபாவம் அல்லது அனுபலப்தி எனப்படும், அதாவது ‘காணப்படாமை’ என்னும் தனி அளவை வேண்டும் என்றார். நியாய நெறியினர், கண்ணே தரையைக் காணும்போது அத்தரைக்கு அடையாகக் குடத்தின் இன்மையையும் காண்கிறது என்றனர். மற்றொரு மீமாம்சகரான பிரபாகரரோ, இன்மை என்று ஒரு பொருளே இல்லை, வெறுந்தரையை அறிவதைத்தான் அவ்வாறு சொல்கிறோம் என்று வழக்கையே தள்ளுபடி செய்தார். தமிழில் மணிமேகலையின் 27-ஆம் காதை அளவைகளைப் பத்தாக எண்ணும்போது அபாவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அபாவம் உள்ளிட்ட பலவற்றைச் சொல்லிவிட்டு, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது.

குடமும் தரையும் மிக எளிய பொருள்கள்; இன்றைய வீட்டு இணைப்பு அவ்வளவு எளிதன்று என்பதால்தான் இவ்வழக்கிற்கு அது நல்ல சான்றாகிறது. 1990-களில் தொலைக்காட்சிக்காக மொட்டைமாடிகளுக்கு மேலே கருப்புக் கம்பி இழுத்த உள்ளூர் ஆபரேட்டரே, இன்று பல ஊர்களில் அதற்குப் பதிலாக ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழையை இழுத்து, பெரிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் கீழ் நின்று, மாதக் கட்டணத்துக்கு இணைப்புத் தருகிறார். பரவலாக வழங்கும் ஜிபான் என்னும் முறையில், அவருடைய அறையிலுள்ள கருவியிலிருந்து கிளம்பும் ஒளி, கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டியில் மின்சாரம் எதுவுமின்றி 32 அல்லது 64 இழைகளாகப் பிரிந்து, வீட்டுச் சுவரில் மாட்டிய பாக்ஸை அடைகிறது. பாக்ஸின் முகப்பில் பான் என்று ஒரு பச்சை விளக்கும் எல்.ஓ.எஸ். என்று ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு நிறுவப்பட்டது என்று பொருள். சிவப்பு விளக்கு, ஒளி வந்துசேரவில்லை என்பதற்காகவே எரிகிறது. இன்மைக்கென்று ஒரு விளக்கை ஏற்றிவைத்த பொறியாளர்கள், அறிந்தோ அறியாமலோ, பிரபாகரரைக் கைவிட்டு மற்ற இரு சாராரின் பக்கம் சாய்ந்துவிட்டனர் எனலாம்.

முறையீட்டைக் கேட்டதும் கேபிள்காரர் ‘எந்த லைட் எரியுது?’ என்றுதான் கேட்கிறார். இக்கேள்வியில் தருக்க நூலின் நுட்பம் இருக்கிறது. இன்மை ஒவ்வொன்றுக்கும் ‘எதனுடைய இன்மை’ என்று சுட்டும் பிரதியோகியும், ‘எங்கே இன்மை’ என்று சுட்டும் இடமும் வேண்டும் என்பது நியாயத்தின் கோட்பாடு. சிவப்பு எரிந்தால் ஒளி இல்லை, இடம் இழை; ஜேசிபி குழி தோண்டுகையில் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். பச்சை எரிந்தும் பக்கம் திறக்காவிட்டால் இல்லாதது வேறு. கணக்கின் கடவுச்சொல் ஏற்கப்படாமையோ கட்டண நாள் கடந்தமையோ காரணமாகலாம். சமையலறையில் மட்டும் கிடைக்காவிட்டால் இல்லாதது வைஃபை அலையே அன்றி இணையம் அன்று. வைஃபை வேறு, இணையம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை நூலோர் ஒன்றினொன்றபாவம், அதாவது ஒன்று மற்றொன்று அன்றாதல் என்பர்; முறையீடுகளில் கணிசமானவை இதனை மறந்ததால் எழுபவை.

இன்மையறிவு செல்லுபடியாவதற்கு நூலோர் இட்ட நிபந்தனை இன்னும் கூர்மையானது. பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் அது காணப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். காணத்தக்க தன்மை என்னும் இதனை யோக்கியதை என்பர். இருட்டறையில் குடம் தென்படாததால் குடம் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. ஃபைபரில் இது அச்சொட்டாக விளங்குகிறது. வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். மனிதக் கண் ஏறத்தாழ 750-க்கு மேல் காண்பதில்லை. ஆகவே அறுந்த இழையின் நுனியில் தெரியும் இருள் எதற்கும் சான்றன்று. அவ்வாறு நுனியை உற்றுநோக்குவது கண்ணுக்குத் தீங்கும்கூட. அதனால்தான் பணியாளர் ஒளித்திறன் அளக்கும் மீட்டரைச் செருகிப் பார்க்கிறார். அது காட்டும் அளவு −27 டிபிஎம்முக்கும் கீழே இறங்கினால், அதாவது ஒரு மில்லிவாட்டின் 500-ல் ஒரு பங்கைவிடக் குறைந்தால், பொதுவாக வழங்கும் வகைப் பாக்ஸ் அவ்வொளியைக் கொள்ளாது. அங்கே ஒளி இருக்கிறது. பாக்ஸுக்கு மட்டும் அது இல்லை.

சமயச் சொற்பொழிவு மேடைகளில், கண்ணுக்குத் தெரியாத வைஃபை இருப்பதுபோலக் கடவுளும் இருக்கிறார் என்னும் உவமை இன்று தாராளமாகப் புழங்குகிறது. காண்டல் ஒன்றையே அளவையாகக் கொண்ட உலகாயதருக்கு விடையாக இது சொல்லப்படுகிறது. காணத்தகாத பொருளைக் காணாமை அதன் இன்மையை நிறுவாது என்ற அளவில் உலகாயதர் வாய் அடைபடுவது உண்மையே. ஆனால் அதற்குமேல் இவ்வுவமை ஓரடியும் நகராது. கண்ணுக்கு எட்டாத அலை ஒரு கருவிக்கு எட்டுகிறது, அக்கருவியைக் கையில் எடுத்த எவரும் ஒரே அளவைப் பெறுகின்றனர், இறைவனுக்கோ அத்தகைய மீட்டர் எதையும் எச்சமயமும் வைத்திருப்பதாகச் சொல்லவில்லை. மறுப்பைத் தடுப்பது வேறு, உண்மையை நிறுவுவது வேறு. கைதட்டலில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

சைவ சித்தாந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை பாக்ஸிலேயே உண்டு. ஸ்ப்ளிட்டரிலிருந்து ஒரே ஒளி எல்லா வீட்டுக்கும் செல்கிறது. ஒவ்வொரு பாக்ஸும் தன் எண் தாங்கிய தரவை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது. கட்டணம் கட்டாத வீட்டிலும் ஒளி விழுந்துகொண்டேதான் இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது. இணையம் மட்டும் இல்லை. அருள் எங்கும் நீக்கமற இருந்தும் ஆணவ மலத்தின் மறைப்பால் உயிர் அதனை உணரவில்லை என்னும் சித்தாந்தக் கொள்கை இதனருகே வந்து நிற்கிறது. எனினும் கட்டணம் தவறிய வீட்டில் முன்பு இணைப்பு இருந்து பின்பு அற்றது. அது அழிவுபாட்டபாவம், அதாவது தொடக்கமுடைய இன்மை. உயிரின் அறியாமையோ கேவலம் எனப்படும் தொடக்கமற்ற நிலையில் வேரூன்றியது. ஞானத்தை முன்பு பெற்றிருந்து இழந்த உயிர் என்று எதையும் சித்தாந்தம் பேசுவதில்லை. தொடக்கமின்றி இருந்து ஒருநாள் முடிவுறும் இன்மைக்கு முன்னபாவம் என்று பெயர். எனவே அவ்வுயிருக்கு உவமையாகத் தக்கது, தெருக்கம்பம்வரை ஒளி வந்தும் உள்ளே இழை இழுக்கப்படாமல், பாக்ஸ் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும் வீடு. அங்கே சிவப்பு விளக்கும் எரிவதில்லை.