போனவருக்கும் இருந்தவருக்கும் ஒரே பங்கு



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 5:1-20) நலமடைந்த கெரசேனர் பகுதி மனிதர், தம்மையும் உடன் அழைத்துச் செல்லுமாறு இயேசுவிடம் மன்றாடுகிறார். இயேசு இசையவில்லை, வீட்டுக்குப் போய், ஆண்டவர் தமக்குச் செய்ததை உறவினருக்கு அறிவிக்கச் சொல்கிறார். வலைகளை விட்டுவிட்டு வருமாறு சீமோனையும் அந்திரேயாவையும் அழைத்தவரும் இவரே. சிலரைப் புறப்படச் சொல்கிறார், சிலரை இருக்கச் சொல்கிறார். இரண்டும் அவர் அழைப்பே.

படைப்பிலும் இந்த ஒழுங்கு உண்டு. ஸ்வீடனில் குளிர் தொடங்கியதும் சாஃபிஞ்ச் குருவிகளில் பெட்டைகள் பெரும்பாலும் தெற்கே வலசை போகின்றன. தங்கிவிடுபவற்றில் சேவல்களே மிகுதி. 18-ஆம் நூற்றாண்டிலேயே இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதைக் கவனித்தார். ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள ஐரோப்பிய ராபினிலும் இப்படித்தான்: ஒரே காட்டில் பிறந்தவற்றில் ஒன்று கடல் கடக்கும், ஒன்று இருந்துகொள்ளும். போகும் பறவைக்குக் காற்றும் களைப்பும் ஆபத்து. தங்கும் பறவையோ, பகலில் தேடித் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் உறைபனி இரவைக் கடக்க வேண்டும். பிழைத்தால் வசந்தத்தில் கூடு கட்ட நல்ல இடம் அதற்கு முதலில் கிடைக்கும்.

ஜெர்மானிய அறிஞர் பீட்டர் பெர்டோல்ட் பிளாக்கேப் என்னும் சிறு பாடும் பறவையை வளர்த்து ஆராய்ந்து, வலசை போகும் உந்துதல் பெற்றோர் வழியாகவும் வருகிறது என்று காட்டினார். பறவையின் வயதும் கிடைக்கும் இரையும் குளிரின் கடுமையும்கூட இதில் சேர்கின்றன. தங்கிய பறவை சோம்பேறியும் அல்ல, பறந்த பறவை பற்றற்றதும் அல்ல.

நம் குடும்பங்களில் இந்தத் தீர்ப்பை எவ்வளவு எளிதாக வழங்கிவிடுகிறோம்! பிழைப்புக்காக வெளிநாடு போனவரை, பெற்றோரை மறந்தவர் என்கிறோம். படுக்கையில் கிடக்கும் தாயைக் கவனிக்க ஊரிலேயே இருந்தவரை, முன்னேறத் தெரியாதவர் என்கிறோம். அன்பர்களே, இந்தச் சொல் சகோதரர்களைப் பிரிக்கிறது.

தாவீதின் ஆள்களிடையேயும் இதே பிரிவினை எழுந்தது. அவரோடு போருக்குப் போனவர்கள் 400 பேர். களைத்துப்போய் பெசோர் ஓடையருகே பொருள்களுக்குக் காவலாக இருந்தவர்கள் 200 பேர். வென்று வந்தபின், இருந்தவர்களுக்குப் பங்கில்லை என்றார்கள் சிலர். தாவீது மறுத்தார், இரு தரப்பினருக்கும் சமபங்கு என்பதையே சட்டமாக்கினார் (1 சாமுவேல் 30).

அந்தச் சட்டம் நம் வீட்டுக்கும் வரட்டும். தொலைவில் இருப்பவர்களே, தாயைக் கவனிக்கும் சகோதரியிடம் கணக்குக் கேட்காமல் நன்றி சொல்லுங்கள். அவள் சுமையில் பங்கெடுங்கள். ஊரில் இருப்பவர்களே, போனவருக்காகப் பெயர் சொல்லி மன்றாடுங்கள். போவதா, இருப்பதா என்று தவிக்கும் இளையோரே, ஊரார் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் அவரும் உங்களோடு இருப்பார். ஆமென்.