சிபியின் தசையும் சுண்டெலியின் ஈரலும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், காஹாங் பட்டணத்தைச் சூழ்ந்து செம்பனை மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைக் கொறிக்கும் எலிகளுக்கு நஞ்சு வைப்பதுண்டு. கூகைகளுக்குக் கூடு அமைத்து எலிகளை ஒடுக்குவதும் உண்டு. அங்கே எலி மாண்டதென்று எவரும் கண்ணீர் உகுப்பதில்லை. ஆயின், ஒரு குழந்தையின் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலி மடிகிறது என்று கேட்டால் மனித மனம் சற்றே தயங்குகிறது. அத்தயக்கம் வெறும் மென்மையா, அன்றி அறத்தின் குரலா?

தோட்டத்து எலி உழைப்பின் பயனை அழிக்கிறது. ஆய்வுக்கூடத்து எலியோ எவருக்கும் தீங்கு செய்ததில்லை. நோயோடு பிறக்கும்படியே அது வளர்க்கப்படுகிறது. தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எந்த நோய்க்காக அது அவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். உடலின் உயிரணுக்களுள் லைசோசோம் என்னும் நுண்பைகள் உள்ளன. கழிவைச் செரித்துப் பயனுள்ளதைத் திருப்பித் தருவது அவற்றின் பணி. இவற்றை 1955இல் உலகுக்கு அறிவித்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் தே தூவ் 1974இல் நோபல் பரிசு பெற்றார். நீமன்–பிக் நோயின் சி வகையில், கொலஸ்டிரால் இப்பைகளை விட்டு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஈரலும் மண்ணீரலும் வீங்குகின்றன; மூளை மெல்லத் தளர்கிறது. வோல்மன் நோயில், கொழுப்பைச் சிதைக்கும் நொதி இல்லாமையால் ஈரல் கொழுப்பால் நிறைகிறது. மருத்துவம் பெறாத குழந்தை பெரும்பாலும் முதலாண்டு நிறையுமுன்பே இறந்துவிடுகிறது.

இவை அரிய நோய்களே. எனினும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போது உண்டாகின்றவை. அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆதலின் இது தமிழருக்கு அயலான செய்தி அன்று.

நீமன்–பிக் குறைபாடு இயல்பாகவே தோன்றிய சுண்டெலிகள் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பேணப்பட்டன. எலியிலும் மனிதரிலும் இந்நோய்க்குக் காரணமான மரபணு ஒன்றே என்பது 1997இல் தெளிவாயிற்று. மருத்துவம் இன்றேல் அவ்வெலியின் ஆயுள் ஏறத்தாழ மூன்று மாதமே. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகர ஆய்வாளர்கள், பிறந்து 7 நாளான எலிகளுக்குச் சைக்ளோடெக்ஸ்டிரின் என்னும் பொருளை ஒரே ஒருமுறை செலுத்தினர். ஈரலில் தேங்கிய கொலஸ்டிரால் விடுபட்டது, ஆயுள் நீண்டது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று. மனிதரிடம் சோதித்தபோதோ அத்துணைத் தெளிவான வெற்றி கிட்டவில்லை. செவிப்புலன் குறையும் தீங்கும் தெரியவந்தது. எலி மனிதனுக்கு முழுக் கண்ணாடி அன்று.

வோல்மன் நோயில் வேறு விளைவு கிட்டியது. அந்நொதி இல்லாத எலிகள் 1998இல் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கு நொதியைச் செலுத்தினால் ஈரலின் கொழுப்புக் குறையும் என்பது 2001இல் காட்டப்பட்டது. அவ்வழியில் அமைந்த மருந்து 2015இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. பிழைக்க வழியில்லை என்று கருதப்பட்ட குழந்தைகள் சிலர் பிழைத்தனர்.

இங்கே சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நினைத்தல் தகும். புறாவைக் காக்கத் துலாக்கோலில் அவன் இட்டது தன் தசை. ஆய்வுக்கூடத் துலாக்கோலில் இடப்படுவதோ பிறிதோர் உயிரின் ஈரல். அவ்வுயிரை எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் அது விடை கூறாது. எனவே இச்செயலை ஈகை என்றோ தியாகம் என்றோ அழைத்தல் பொருந்தாது. எலி தியாகம் செய்யவில்லை; அதனிடமிருந்து எடுக்கப்படுகிறது. கேளாமல் எடுத்ததற்குக் கடன் என்பதே தக்க பெயர்.

அவ்வாறாயின் ஆய்வையே கைவிடலாமா? கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஈரல் வீங்கிய குழந்தையை மடியில் ஏந்திய தாயின் முன் நின்று, ஆய்வு வேண்டா என்று உரைப்பதும் அருள் ஆகாது. எடுத்த கடனைத் தீர்ப்பதே எஞ்சிய வழி.

அக்கடன் தீரும் வகை யாது? ரசல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். உயிருக்கு மாற்று உண்டெனில் அதனைக் கொள்ளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் ஆய்வுக்கு வரம்பு கட்டியுள்ளன. தோற்ற சோதனையையும் மறையாது வெளியிடுதல் மற்றொரு கடமை. மறைத்தால், அதே சோதனைக்காக வேறோர் இடத்தில் மீண்டும் எலிகள் மடியும்.

இவை அனைத்தினும் பெரிய கடமை ஒன்று உண்டு. 2015இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளுள் ஒன்று. தோட்டக் கூலியால் அதனை வாங்க இயலாது. செல்வர் வீட்டுக் குழந்தைக்கு மட்டுமே எட்டும் மருந்துக்காக எலிகள் மடிந்தன என்றால், அக்கடன் பாதியும் தீர்ந்ததாகாது. காஹாங் தோட்டத்தில் பிறக்கும் குழந்தைக்கும் அம்மருந்து எட்டும் நாளில்தான், அச்சிற்றுயிர்களிடம் மனிதன் பட்ட கடன் தீரத் தொடங்கும்.