கிளம்புவதும் நிற்பதும்

ஒட்டாவாவுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு எஸ்யூவி வாங்கினேன். உயரமான வண்டி. ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற கார்களின் கூரை தெரியும். "ஃப்ரன்ட் வீல் டிரைவா, ஆல் வீல் டிரைவா?" என்று விற்பனையாளர் கேட்டார். இரண்டுக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பின்கதவில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைத் தவிர. "நாம என்ன மலை ஏறவா போறோம்?" என்றாள் மனைவி. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நவம்பரில் அலுவலகத்தில் எல்லோரும் டயர் மாற்றுவதைப் பற்றியே பேசினார்கள். ஒட்டாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோ, கியூபெக் மாகாணம். அங்கே பதிவான கார்களுக்குக் குளிர்காலத்தில் விண்டர் டயர் கட்டாயம். 2008இல் வந்த சட்டம். அப்போது டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது, 2019இல் தொடக்கத்தை டிசம்பர் 1க்கு இழுத்துவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்டாரியோ. ஒட்டாவாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. பாலத்தின் இரண்டு முனைகளிலும் விழுவது ஒரே பனிதான். ஒரு முனையில் சட்டம் சொல்கிறது, மறுமுனையில் அவரவர் மனசு சொல்லவேண்டும். நான் மனசைக் கேட்டேன். ஆயிரத்து இருநூறு டாலர் ஆகும் என்றது. புது வண்டி, புது டயர், அதுவும் 'ஆல் சீசன்' என்று பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மைனஸ் பன்னிரண்டு. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளைப் பள்ளியில் விட வேண்டும். வீட்டு வாசலின் சின்னச் சரிவிலேயே வண்டி நகர மறுத்தது. முன்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிப் பனியை மெருகேற்றின. மண்வெட்டியால் வாரினேன். பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்குப் போடும் மண்ணை ஒரு வாளியில் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டினார். இருபது நிமிடம் போனது. ஒருவழியாக வண்டி தெருவுக்கு வந்ததும் எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. தாமதம் வேறு.

பள்ளிக்கு முந்தைய நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை. நாற்பதில் வந்துகொண்டிருந்தேன். வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் டகடகவென்று காலை உதைத்தது. வண்டி வேகம் குறையாத மாதிரியே போனது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் நேராகவே போனது. பலகையைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் போய் நின்றது. நடுவில் யாரும் இல்லை. ஒரு கிழவர் நாயோடு அப்போதுதான் குறுக்கே கடந்து நடைபாதையில் ஏறியிருந்தார். திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. பார்த்துவிட்டு நடந்தார்.

பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, நீ நிக்கவே இல்ல."

"நிக்கல இல்லம்மா. நிக்க முடியல."

அந்தப் பதிலோடு அந்தக் காலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். முடியவில்லை.

*

காய்ந்த தார்ச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை நிறுத்த, பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் போதும். இறுகிய பனியில் அது முப்பது மீட்டரைத் தாண்டும். சந்திகளில் எல்லாரும் நின்று கிளம்பி, சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியான ஐஸில் அறுபதைத் தொடும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். வேகமும் உராய்வும் தெரிந்தால் போதும். இன்ஜின் எத்தனை சக்கரங்களைச் சுற்றுகிறது என்ற எண் அந்தக் கணக்கில் எங்குமே வராது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். ஆல் வீல் டிரைவ் கிளம்புவதற்கு உதவும், மேட்டில் ஏற உதவும். நிற்பது டயரின் வேலை. ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருந்து தரையைப் பிடிக்கும்.

இப்படிப் பார்த்தால் இருசக்கர இழுவை வண்டி ஒருவிதத்தில் நேர்மையானது. இன்றைக்குத் தரை எப்படி இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது. எனக்கும் இருபது நிமிடம் சொன்னது. நான் அதைத் தடங்கலாக எடுத்துக்கொண்டேன், தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

'நிக்க முடியல' என்று மகளிடம் சொன்னது பொய்யில்லை. பிரேக்கை மிதித்த அந்தக் கணத்தில் என்னால் எதுவும் செய்ய முடியாதுதான். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறார். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஆனால் எறிவதும் எறியாமல் இருப்பதும் உன் கையில் இருந்தது என்கிறார். என் கல் ஜனவரியில் எறியப்பட்டதல்ல. நவம்பரில், ஆயிரத்து இருநூறு டாலரைக் கணக்குப் போட்ட அந்தச் சாயங்காலத்தில் எறியப்பட்டது. இரண்டு மாதம் காற்றில் இருந்துவிட்டு ஆளில்லாத இடத்தில் விழுந்தது. 'முடியல' என்கிற சொல்லுக்குள் எத்தனை 'செய்யல' ஒளிந்திருக்கிறது என்று அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமையே விண்டர் டயர் போட்டேன். மனைவியிடம், "குளிர் அதிகமா இருக்கு, போட்டுடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

*

மறைப்பது ஒரு வகை. பாதியைச் சொல்வது இன்னொரு வகை. நான் இரண்டாவதைச் செய்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நண்பர்கள் வீட்டு விருந்துகளில் வாசலில் வண்டி சிக்கிய கதையை நடித்தே காட்டினேன். பூனை மண், மண்வெட்டி, பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். "எஸ்யூவின்னு பேரு, நகர மாட்டேங்குது!" நாற்சந்தியில் கதையை வெட்டிவிடுவேன். வாசலில் சிக்கியவன் கோமாளி. அவனை எல்லோருக்கும் பிடிக்கும். குழந்தையை வைத்துக்கொண்டு ஸ்டாப் பலகையைத் தாண்டி வழுக்கிப் போனவன் வேறு ஆள்.

சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பி அந்தக் கதையை நன்றாக ரசித்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் அவனும் ஒரு எஸ்யூவி வாங்கினான், ஆல் வீல் டிரைவ். "உங்க கதையைக் கேட்ட பிறகு டூ வீல் டிரைவ் எடுப்பேனாண்ணா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டயரைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது அவன் கார் மோதியது. வேகம் அதிகமில்லை. நிற்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தம்பி மீது கவனமின்றி ஓட்டியதாக வழக்கு. வாரக்கணக்கில் தூங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தது. "விண்டர் டயர்கூடப் போடாம எப்படி ஓட்டறாங்களோ" என்று என் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் கேக்கைப் பார்த்தாள்.

*

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருவன் முன்னால்தான் குழந்தை ஓடிவருகிறது. அலட்சியம் எல்லோருக்கும் ஒரே அளவு, குற்றவாளி என்ற பெயர் ஒருவனுக்கு. இது நியாயமா என்பது நேகலின் கேள்வி. வில்லியம்ஸ் சொல்வது வேறு: தவறே செய்யாத ஓட்டுநர்கூடத் தன் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டால், வேடிக்கை பார்த்தவர்கள் வருந்துவதுபோல வருந்த மாட்டான், அவன் வருத்தமே வேறு வகை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இரண்டையும் படித்துவிட்டு எனக்கு இரண்டு சுலபமான வழிகள் தெரிந்தன. 'நானும் அவனும் ஒன்றுதான்' என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையல்ல. ஊன்றுகோலோடு நடக்கிற ஒரு பெண்மணி அவன் கணக்கில் இருக்கிறார், என் கணக்கில் இல்லை. அல்லது, 'என்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே' என்று நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதியை எனக்குத் தந்தது நானல்ல, பத்து விநாடி முன்னால் கடந்துவிட்ட கிழவரும் அவர் நாயும்.

கடைசியில் தம்பி வீட்டுக்குப் போனேன். நாற்சந்தியைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் டீ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை ஏண்ணா அப்பவே சொல்லல?"

எனக்குப் பதில் இல்லை.

"கிளம்ப முடியாததைத்தான் சொன்னீங்க. நிக்க முடியாததைச் சொல்லல. கிளம்பறதுதான் பிரச்சினைன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

*

அந்த இரண்டு தத்துவவாதிகள் எழுதிய அதே 1976இல் அமெரிக்காவில் நாசா ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. விமானிகள், 'விபத்து நடக்கவிருந்தது, நடக்கவில்லை' என்கிற சம்பவங்களை எழுதி அனுப்பலாம். அனுப்பியவர் பெயரை நீக்கிவிட்டு அதிலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். தப்பித்த ஒருவனின் அனுபவம் அவனுடைய சொந்தச் சொத்தல்ல என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் அதைச் சொந்தச் சொத்தாக வைத்துக்கொள்கிறோம். வெட்கமாக இருப்பதால் பூட்டி வைக்கிறோம். எனக்கு அன்று கிடைத்த அதிர்ஷ்டத்துக்கு நான் பட்டிருந்த கடன் ஒன்றே ஒன்றுதான், அதை முழுசாகச் சொல்லியிருப்பது. சொல்லியிருந்தால் அவன் டயர் மாற்றியிருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாற்றியிருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது.

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும், புதிதாக வந்த குடும்பம் யார் கிடைத்தாலும் நாற்சந்தியிலிருந்து கதையை ஆரம்பிக்கிறேன். விருந்தில் யாரும் சிரிப்பதில்லை. "என்னங்க, சாப்பிடறப்பவா?" என்கிறாள் மனைவி.

மகளுக்குப் பதினாறு ஆகிவிட்டது, ஓட்டப் பழகுகிறாள். போன குளிர்காலத்தின் முதல் பனியன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாகக் கிடந்த ஒரு கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். அதே பழைய வண்டி. நல்ல விண்டர் டயர்தான். "இருபதுக்குப் போ. இப்ப பிரேக்கை நல்லா அழுத்து" என்றேன். அழுத்தினாள். வண்டி டகடகவென்று உதைத்து, அவள் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அங்க நிக்கல."

"இன்னொரு தடவை," என்றேன்.