தையல் தெரியாத சட்டை

இன்று ராத்திரி சட்டையைக் கழற்றும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பாருங்கள். தோளில், கை இணைப்பில், விலாவில்... எத்தனை மடிப்பு, எத்தனை தையல்! வெளிப்பக்கமோ ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக இருக்கும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சமீபத்தில் நான் அவமானப்பட்டது இந்தத் தையல் விஷயத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு நீச்சல் கதை.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் பையன்கள் தாமிரபரணியில் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் ஒரு துண்டு, இல்லாவிட்டால் பழைய அரை டிராயர். அக்கரையை யார் முதலில் தொடுவது என்று பந்தயம். தோற்றவன், 'அவன் டிராயராலதான் ஜெயிச்சான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால், 2008-ல் உலகமே அப்படித்தான் சொன்னது. அந்த வருஷம் ஸ்பீடோ கம்பெனி 'எல்.இசட்.ஆர். ரேசர்' என்று ஒரு நீச்சல் உடையைக் கொண்டுவந்தது. எந்தத் துணி தண்ணீரை வழுக்கிக்கொண்டு போகும் என்று சோதித்துப் பார்க்க நாசா விஞ்ஞானிகளும் உதவினார்கள். அதன் விசேஷங்களில் ஒன்று, தையலே கிடையாது!

தையல் என்றால் ஊசி போட்ட ஓட்டை இருக்கும், நூல் ஓடிய மேடு இருக்கும். தெருவில் நடக்கிற நமக்கு அது ஒரு பொருட்டில்லை. நூறில் ஒரு பங்கு விநாடிக்குப் போராடுகிறவனுக்கு, அந்த மேட்டில் தட்டுகிற தண்ணீர் எதிரி. அதனால் ஊசியையும் நூலையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்து, விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அதிர வைத்தால் அந்தச் சூட்டில் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டருக்குத்தான் இந்த வித்தை பலிக்கும். நம்ம ஊர்ப் பருத்தி உருகாது, கருகும்.

பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் நீச்சலில் மட்டும் 25 உலக சாதனைகள். அதில் 23 இந்த உடைக்குள் இருந்தவர்கள் செய்தது. அடுத்த வருஷம் மற்ற கம்பெனிகளும் போட்டியில் இறங்க, 2009-ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் 43 சாதனைகள் நொறுங்கின. 200 மீட்டரில் மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார் ஜெர்மனியின் பால் பீடர்மான். அவர் போட்டிருந்தது முழுக்க பாலியூரிதேனால் ஆன உடை. போதுமடா சாமி என்று நீச்சல் சம்மேளனம் 2010 ஜனவரி 1 முதல் அத்தனையையும் தடை செய்தது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, அதுவும் நெய்த துணிதான் என்று சட்டம் போட்டார்கள்.

நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. உடை மட்டும்தானா உதவி? நல்ல குளம், நல்ல கோச், காலையில் அம்மா வேகவைத்துக் கொடுக்கிற இரண்டு முட்டை... இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நீச்சல் உடை இல்லையா? கர்ணன் கவசத்தோடு பிறந்தான். உடம்போடு ஒட்டிய, தையலே இல்லாத உடை! அதற்கும் கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

'அப்படியானால் உழைப்புக்கு மரியாதையே இல்லையா சார்?' என்று கேட்பீர்கள். நிச்சயம் உண்டு. பீடர்மானின் உடையை எனக்கு மாட்டிவிட்டால் குறுக்குத்துறையில்கூட மூழ்கித்தான் போவேன். நீந்தியது அவர்தான். ஆனால், ஜெயித்த சூட்டோடு சூடாக, இதில் உடைக்கும் பங்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்த உடை இல்லாமலும் ஃபெல்ப்ஸை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தச் சாதனை 15 வருஷம் தாண்டியும் நின்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஒப்புதல்தான்.

ஏனென்றால், அது எனக்கு வரவில்லை.

நான் படித்த கல்லூரியில் ஆண்டு விழா. பழைய மாணவன், பத்திரிகைக்காரன் என்று மேடையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். மைக் கிடைத்ததும் வாய் சும்மா இருக்குமா? "நான் யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன். நீங்களும் உங்கள் சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று முழங்கிவிட்டேன். பலத்த கைதட்டல். மூன்றாவது வரிசையில் என் அக்காவும் கை தட்டினாள்.

நான் பி.காம். படித்த மூன்று வருஷமும் பீஸ் கட்டியது அவள் மிதித்த தையல் மிஷின். ஒரு ஜாக்கெட்டுக்கு இருபது ரூபாய். நான் சொந்தக் காலில் நின்றதாகச் சொன்னேனே, மிதித்த கால் அவளுடையது.

அந்த மிஷின் டிராயரைத் திறந்தால் மதுரா கோட்ஸ் நூல்கண்டுகள் உருளும். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை தொடங்கியது, தாமிரபரணி விழுகிற வேகத்தில் மிஷின் ஓட்டலாம் என்றுதான். அவர்களுடைய மதுரா மில்ஸ்தான் பின்னால் 1974-ல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆறு சுற்றிய சக்கரம், மில் தொழிலாளி இழுத்த இழை, அக்கா மிதித்த மிதி. என் பட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் இத்தனை தையல் இருக்கிறது. மேடையில் நான் காட்டியது வெளிப்பக்கத்தை மட்டும்.

விழா முடிந்து ஆட்டோவில் வரும்போது எனக்கு உறைத்தது. "யக்கா... நான் மேடையில உன்னைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன்" என்று மென்று விழுங்கினேன்.

அவள் சிரித்தாள். "அதுக்கென்னல தம்பி? தைச்சது வெளிய தெரியாம இருந்தாத்தான் அது நல்ல தையல்!"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

நீச்சலுக்கு ஒரு சம்மேளனம் இருக்கிறது. எல்லாரும் ஒரே அளவு உடை போடு என்று சட்டம் போடும். வாழ்க்கைப் பந்தயத்துக்கு அப்படி யாரும் இல்லை. ஒருவனுக்கு அப்பாவின் சொத்து, ஒருவனுக்கு ஊர் தந்த ஸ்காலர்ஷிப், எனக்கு அக்காவின் கால். உதவி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கியதை மறந்துவிட்டு, கிடைக்காதவனைப் பார்த்து 'என்னை மாதிரி உழைச்சா நீயும் வந்திருக்கலாமே' என்கிறோமே, அங்கேதான் அநியாயம் ஆரம்பிக்கிறது.

தையல் வெளியே தெரியாமல் தைப்பது, தைத்தவளின் பெருமை. தையலே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிவது, போட்டுக்கொண்டவனின் பெருமையா?

உங்கள் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.